மாத்திரை ஏன் தவறுகிறது?

ஹெராயின் பழக்கத்தில் சிக்கிய ஒருவரின் நாள் மிகக் கறாரான கால அட்டவணைப்படி நடப்பது. கடைசியாக எடுத்துக்கொண்டதிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கிவிடும். பிறகு எலும்பு வலி, வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, பேதி. அது வருவதற்குள் பணம் புரட்ட வேண்டும், சரக்கு வைத்திருப்பவரைப் பிடிக்க வேண்டும், போலீஸ் கண்ணில் படாத ஓர் இடம் தேட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, மழையானாலும் வெயிலானாலும், இது தவறுவதில்லை. அதே மனிதருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, தினம் ஒரு மாத்திரை போட வேண்டும் என்றால் அது மட்டும் தவறிப்போகிறது. ஏன்?

‘போதைக்காரனுக்கு ஏது பொறுப்பு’ என்பது நம் வாயில் முதலில் வரும் பதில். மருத்துவர்களிடமிருந்தும் அதுவே வந்தது. 1990களின் பிற்பகுதியில், எச்.ஐ.வி.க்கு வலுவான கூட்டு மருந்து வந்த புதிதில், வட அமெரிக்காவில் போதை ஊசி போடுபவர்கள் பலருக்கு அந்த மருந்து எழுதித் தரப்படவில்லை. ‘முதலில் போதையை விட்டுவிட்டு வா’ என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காத்திருப்பில் உயிர்கள் போயின. அந்தப் பதில் தவறு என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது, மருத்துவ ஆய்வில் நாம் பெருமைப்படவேண்டிய அத்தியாயங்களில் ஒன்று.

ஒரு மாத்திரை தவறினால் அப்படி என்னதான் ஆகிவிடும்? ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வாரம் மறந்தவர் மறுபடி தொடங்கினால் அதே மாத்திரை பழையபடி வேலை செய்யும். எச்.ஐ.வி. மருந்துக்கு அந்த உறுதி இல்லை. அது எதிர்த்து நிற்பது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒரு கிருமியை.

எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிடி4 செல்களுக்குள் நுழைந்து தன் மரபுச் செய்தியைப் பிரதி எடுக்கிறது. அந்தச் செய்தி ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்டது. பழைய ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுபவர் கண் அயர்ந்தால் ஓர் எழுத்து மாறும். அந்த ஏட்டைப் பார்த்து அடுத்தவர் எழுதும்போது பிழையும் சேர்ந்து போகும். பாடபேதங்கள் அப்படித்தான் பெருகின. நம் செல்கள் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும்போது, எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. எச்.ஐ.வி.யின் நகலெடுக்கும் நொதிக்கு அது கிடையாது. ஏறத்தாழ மூன்று பிரதிக்கு ஒரு பிழை விழுகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை பிரதிகள்? 1995, 1996ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கின் டேவிட் ஹோவும் கணிதவியலர் ஆலன் பெரல்சனும் இதை அளந்த விதம் அழகானது. மருந்து எதுவும் தராதபோது ஒரு நோயாளியின் ரத்தத்தில் வைரஸின் அளவு பல மாதங்கள் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். அப்படியென்றால் புதிதாகப் பிறப்பதும் அழிவதும் சமம். இப்போது புதுப் பிறப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அடிக்கடி ரத்தம் எடுத்து, அளவு எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்த்தார்கள். அழியும் வேகம் தெரிந்தால் பிறந்துகொண்டிருந்த வேகமும் தெரிந்துவிடும். விடை: ஒரே உடலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கோடி வைரஸ்கள்.

9,700 எழுத்துகள், 1,000 கோடிப் பிரதிகள், மூன்றுக்கு ஒரு பிழை. எந்த ஓர் எழுத்து மாறினாலும் உண்டாகக்கூடிய பாடபேதம் ஒவ்வொரு நாளும் எங்கோ எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால், அதற்குத் தப்பும் வைரஸ் உடலில் ஏற்கனவே இருக்கும். 1987இல் வந்த ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து சில மாதங்களில் பலனிழந்தது இதனால்தான். மூன்று மருந்துகளுக்கும் ஒரே சமயத்தில் தப்பவேண்டுமானால் குறிப்பிட்ட பல எழுத்துகள் ஒரே பிரதியில் மாறியிருக்க வேண்டும். அது நடப்பது அரிதிலும் அரிது. 1996இல் கனடாவின் வான்கூவர் மாநாட்டில் உலகம் அறிந்துகொண்ட மூன்று மருந்துக் கூட்டின் இரகசியம் இவ்வளவுதான். நம் ஊரில் ஏ.ஆர்.டி. என்று சொல்வது இதைத்தான்.

மாத்திரை தவறும்போது நடப்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டில் உள்ள மூன்று மருந்துகளும் உடலிலிருந்து ஒரே வேகத்தில் வெளியேறுவதில்லை. 2004இல் இந்திய அரசு இலவசமாகத் தரத் தொடங்கிய கூட்டில் இருந்த நெவிராபின், உடலில் பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அதோடு சேர்ந்த மற்ற மருந்துகள் அதைவிட மிகச் சீக்கிரம் போய்விடும். நான்கு நாள் மாத்திரை போடாவிட்டால், அந்த நாள்களில் உடலில் மிஞ்சியிருப்பது நெவிராபின் மட்டும்தான். மூன்று மருந்து சாப்பிடுபவர், தனக்குத் தெரியாமலே ஒரு மருந்து சாப்பிடுபவராகிவிடுகிறார். நெவிராபினை முறியடிக்க ஓர் எழுத்து மாறினாலே போதும்.

சரி, யார் மாத்திரை போடுகிறார்கள், யார் போடுவதில்லை என்பது எப்படித் தெரியும்? கேட்டால் எல்லோரும் ‘போட்டேன்’ என்பார்கள். மருத்துவர் முகம் கோணாமல் இருக்கச் சொல்லும் பதில் அது. அதனால் மூடியில் சில்லு பொருத்திய மருந்துப் புட்டியை ஆய்வாளர்கள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நாளும் நேரமும் பதிவாகும். சான்ஃபிரான்சிஸ்கோவில் டேவிட் பாங்ஸ்பர்க் இன்னொரு வழியையும் சேர்த்தார். வீடில்லாதவர்களும் மலிவு விடுதி அறைகளில் ஒண்டியிருப்பவர்களும் தங்கும் இடத்துக்கே முன்னறிவிப்பில்லாமல் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணுவது. 2000இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், வாயால் சொன்ன கணக்கு 89 சதவீதம், மாத்திரை எண்ணிக்கைப்படி 73, சில்லு மூடியின்படி 67. இந்த மூன்று எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டால் பல மருத்துவச் செய்திகளை இன்னும் நிதானமாகப் படிக்கலாம்.

அதே ஆண்டு வெளியான வேறொரு அமெரிக்க ஆய்வு, 95 சதவீத மாத்திரைகளாவது தவறாமல் போட்டால்தான் வைரஸ் நன்றாக அடங்கும் என்றது. அன்றைய மருந்துகளுக்கு அது உண்மை. அவற்றில் ஒன்றான இண்டினாவிரை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் வயிற்றில் போட வேண்டியிருந்தது. ஆனால் அந்த 95 என்ற எண் ஒரு வாசல்தடையாக மாறியது. போதைப் பழக்கம் உள்ளவரால் இதை எட்ட முடியாது, அரைகுறையாகப் போட்டு எதிர்ப்பு வைரஸை வளர்த்து ஊருக்கும் பரப்புவார், ஆகவே தராமல் இருப்பதே நல்லது என்று வாதம் வளர்ந்தது.

இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் பிறகு சோதிக்கப்பட்டது. எதிர்ப்பு வைரஸ் யாரிடம் அதிகம்? சான்ஃபிரான்சிஸ்கோ குழு கண்டது எதிர்பாராதது. அன்றைய இண்டினாவிர் வகை மருந்துகளில், எதிர்ப்பு அதிகம் தென்பட்டது பெரும்பாலான மாத்திரைகளைப் போட்டவர்களிடம்தான். யோசித்தால் புரியும்: அடிக்கடி விட்டவரின் உடலில் பழைய வைரஸுக்கே இடைஞ்சல் இல்லாததால் தப்பியவற்றுக்குத் தனி அனுகூலம் எதுவும் இல்லை. பெரும்பாலும் போட்டும் முழுதாக அடங்காதவரிடம்தான் அந்த அனுகூலம் கிடைக்கிறது. நெவிராபின் வகையில் கதை வேறு, அங்கே அதிகம் விட்டவர்களிடம்தான் எதிர்ப்பு. ஆக, எதிர்ப்பு எங்கே வளரும் என்பதை மருந்தின் இயல்புதான் பெரிதும் தீர்மானிக்கிறது. இன்ன வகை ஆள் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்த கண்ணி, இவர்களுக்கு மருந்து பலிக்காது என்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதைச் சோதிக்க வாய்ப்பான இடம். அங்கே எச்.ஐ.வி. மருந்து எல்லோருக்கும் இலவசம், ஒரே மையத்தின் வழியாக வருவதால் யாருக்கு எப்போது கொடுத்தார்கள் என்பது முழுதாகப் பதிவில் இருக்கிறது. வான்கூவரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில் போதை ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் ஏராளம். இவான் வுட், ஹூலியோ மொன்தானேர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து தொடங்கிய 3,116 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் 915 பேர் போதை ஊசி போட்டவர்கள். ஏழு ஆண்டுகளில் இரு சாராரின் இறப்பு விகிதத்துக்கு இடையே, தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, போதைப்பொருள் பயன்படுத்துவோரில் சுமார் 60 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காகத் தொடர்ந்தார்கள் என்று தெரிந்தது. பிற எச்.ஐ.வி. நோயாளிகளிடம் காணும் அளவுக்கு அது நெருக்கமானது.

அப்படியானால் மிச்ச 40 சதவீதம்? அவர்களுக்கு மாத்திரை தவறுவது உண்மை. அதற்கான காரணங்களைத் தேடிப் போனபோதுதான் கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. காலையில் கண் விழிக்கும்போதே உடம்பு முறுக்கும் மனிதருக்கு அடுத்த ஆறு மணி நேரம் மட்டும்தான் உலகம். மாத்திரையை விழுங்கினாலும் வாந்தியோடு போய்விடும். மருந்துப் புட்டியை வைக்கப் பூட்டும் அலமாரியும் இருக்காது. கூட இருப்பவர்கள் பார்த்தால் நோய் வெளியே தெரியும். போலீஸ் பிடித்து உள்ளே வைத்தால் மாத்திரை வெளியே நின்றுவிடும்.

பலரும் எதிர்பார்க்காத காரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் செத் காலிச்மன் என்ற உளவியலர் குடிப்பழக்கம் உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளிடம் கேட்டபோது, பலர் மறதியால் மாத்திரையை விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். மதுவும் மருந்தும் கலந்தால் விஷமாகிவிடும் என்று நம்பினார்கள். குடித்த நாளில் மாத்திரையைத் தவிர்ப்பது அவர்களைப் பொறுத்தவரை பொறுப்பான செயல்! இந்த நம்பிக்கையை விதைத்ததில் ‘மருந்து சாப்பிடும்போது வேறு எதையும் தொடக்கூடாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் மருத்துவ ஆலோசனைக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் முழுக்க முழுக்க வேதியியல். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து கொடுப்பார்கள். இதை 1960களின் நடுவில் நியூயார்க்கில் நிறுவிக் காட்டியவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர். ஹெராயின் போய் ஒட்டும் அதே ஏற்பிகளில் மெத்தடோனும் ஒட்டும். ஆனால் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேல் நின்று, மெதுவாக இறங்கும். போதை உச்சமும் இல்லை, தொடக்கத்தில் சொன்ன வலியும் வாந்தியுமான விலகல் துன்பமும் இல்லை. காலையில் ஒரு வேளை குடித்தால் நாள் முழுதும் வேலைக்குப் போகலாம். எச்.ஐ.வி. மருந்துகளான நெவிராபினும் எஃபாவிரென்சும் கல்லீரலின் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிகள் மெத்தடோனையும் வேகமாகச் சிதைத்து, ரத்தத்தில் அதன் அளவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும். எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் நோயாளிக்கு விலகல் துன்பம் வந்துவிடும். அவர் என்ன முடிவுக்கு வருவார்? ‘இந்தப் புது மாத்திரைதான் என்னைக் கொல்கிறது’ என்று அதை நிறுத்துவார். அவர் கவனித்தது சரிதான். மெத்தடோன் அளவைக் கூட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். ஏட்டில் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்களோ என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. இப்போது இந்தியா உட்படப் பல நாடுகளில் முதல் மருந்தாகத் தரப்படும் டோலுடெக்ராவிருக்கு மெத்தடோனோடு இந்தத் தகராறு இல்லை. அதற்கு எதிர்ப்பு உண்டாவதும் கடினம், எப்போதாவது ஒரு மாத்திரை தவறினால் பொறுத்துக்கொள்ளவும் செய்யும்.

காரணங்கள் தெரிந்தால் ஏற்பாட்டை மாற்றலாம். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மெத்தடோன் மையங்களில் 77 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேர் எச்.ஐ.வி. மாத்திரையை வழக்கம்போல் வீட்டில் போட்டார்கள். மறு பாதியினருக்கு மெத்தடோன் வாங்கும் அதே ஜன்னலில், செவிலியர் முன்னிலையில் அதுவும் கொடுக்கப்பட்டது. 24 வாரங்களின் முடிவில் வீட்டில் போட்டவர்கள் 56 சதவீத வேளைகளும், ஜன்னலில் போட்டவர்கள் 86 சதவீத வேளைகளும் மருந்து எடுத்திருந்தார்கள். ஆட்கள் ஒரே மாதிரிதான். தினமும் எப்படியும் வரும் இடத்தில் மாத்திரையை வைத்தது மட்டும்தான் வித்தியாசம். சோதனை முடிந்து அந்த ஏற்பாட்டை நிறுத்தியதும் பலன் கரைந்துபோனது. சிலர் இதைத் தோல்வி என்று படித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதும் பார்வை மங்கினால் கண்ணாடியைக் குறை சொல்வோமா?

மாற்று மருந்தோடு இணைத்தால் பலன் கூடுகிறது என்பதற்கு இப்போது பல நாட்டுச் சான்றுகள் உண்டு. 2016இல் வெளியான தொகுப்பாய்வு, மாற்று மருந்து பெறுபவர்கள் எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காக எடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. இந்தோனேசியா, உக்ரைன், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் 502 பேருடன் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு வழித்துணையாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். எந்த அலுவலகத்தில் எந்தச் சீட்டு வாங்குவது, எந்த வரிசையில் நிற்பது என்று கூடவே போய் உதவுபவர். மன ஆலோசனையும் உண்டு, போதையை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஓராண்டில் அந்தப் பிரிவில் 41 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியது, மற்றவர்களில் 24 சதவீதம். இறப்பும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமல் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

சென்னைக்கு இந்தக் கதையில் முக்கியமான இடம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி.யை 1986இல் முதன்முதலில் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். சுனிதி பின்னர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள 120 போதைப் பழக்கத்தினரிடம் ஒரு சோதனை நடத்தி 2014இல் வெளியிட்டது. மருந்து தொடங்கினால், மாதந்தோறும் மருத்துவமனைக்கு வந்தால், உணவுப் பொருளும் வீட்டுச் சாமானும் வாங்கிக்கொள்ளும் கூப்பன். கூப்பன் பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் சிகிச்சை தொடங்கினார்கள், மற்ற பிரிவில் 27 சதவீதம். மருத்துவமனைக்கு வந்த தடவைகளும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வைரஸ் அடங்கியவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை! இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்காகவே அந்த ஆய்வாளர்களை மதிக்கிறேன். கூப்பன் ஒருவரை வாசல் வரை கொண்டுவருகிறது. வாசலுக்கும் தினசரி மாத்திரைக்கும் நடுவே இருக்கும் காலை நேர உடல் முறுக்கல், தங்குமிடம், அவமானம் எதையும் கூப்பனால் தொட முடியவில்லை என்பதே என் வாசிப்பு.

தினசரி மாத்திரையே வேண்டாம் என்றால்? கபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஆகிய இரண்டையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்புத் தசையில் ஊசியாகப் போடலாம். மருந்து தசையில் தங்கி மெல்லக் கசியும். மாத்திரையால் வைரஸை அடக்கியவர்களுக்கு மட்டும் என்றுதான் இதற்கு முதலில் அனுமதி கிடைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் வார்டு 86 என்ற எச்.ஐ.வி. மருத்துவமனையின் மருத்துவர்கள் துணிந்து, வைரஸ் அடங்காத 57 பேருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 54 பேருக்கு அடங்கியது. 2023இல் அது வெளியானது. அடுத்த ஆண்டு, மாத்திரை தவறவிடும் பழக்கம் உள்ளவர்களிடம் நடந்த பெரிய அமெரிக்கச் சோதனையிலும் ஊசியே மேல் என்று தெரிந்ததால், குலுக்கல் முறையில் ஆள் பிரிப்பதைப் பாதியில் நிறுத்தினார்கள். ஊசிக்கும் நெவிராபினின் அதே ஆபத்து உண்டு. அடுத்த ஊசிக்கு வராவிட்டால் மருந்து பல மாதங்கள் மெலிந்த அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும், தப்பும் வைரஸ் வளர அது தோதான காலம். ஆகவே அந்த மருத்துவமனை ஊசியை மட்டும் நம்பவில்லை. வராதவரைத் தேடி ஆள் போனது.

இந்தியாவில் மாற்று மருந்து பெரும்பாலும் பியுப்ரினார்ஃபின். நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஓ.எஸ்.டி. எனப்படும் மாற்று மருந்து மையங்களில் தினமும் ஊழியர் முன்னிலையில் இலவசமாகத் தருகிறார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இப்படிப்பட்ட ஆபத்துக் குறைப்புப் பணிகள் குற்றமாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. மாற்று மருந்துக்கு ஒரு இடம், எச்.ஐ.வி. மருந்துக்கு வேறொரு இடம், காசநோய் வந்தால் மூன்றாவது இடம் என்று ஒருவரை அலையவிடுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒரே ஜன்னலில் மூன்றும் கிடைக்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பியுப்ரினார்ஃபினையும் டோலுடெக்ராவிரையும் ஒருசேரக் குறைத்துவிடும் என்பதால், மூன்றையும் எழுதிக் கொடுப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசியே ஆகவேண்டும்.

ஏ.ஆர்.டி. மையங்களில் பணிபுரிவோருக்கு ஒரு வேண்டுகோள்: வைரஸ் அளவு ஏறியிருந்தால், ‘ஏன் போடலை’ என்பதற்கு முன், ‘காலையில எழுந்திருக்கும்போது உடம்பு எப்படி இருக்கு, மாத்திரையை எங்க வைக்கிறீங்க, குடிச்ச அன்னிக்கு என்ன செய்றீங்க’ என்று கேளுங்கள். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கும் ஒரு சொல்: குடித்திருந்தாலும், ஊசி போட்டிருந்தாலும், அன்றைய எச்.ஐ.வி. மாத்திரையை விடாதீர்கள். என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தையும் அதன் அளவையும் அதற்கேற்பத் தீர்மானிக்க அவருக்கு அது தெரிய வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது.